மைதானத்தைச் சுற்றிவந்த நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பொன்னமராவதிப் பேருந்து நிலையத்தில் திருமயம் வண்டிக்காக நின்றபோது என் தோளில் ஒரு பெரிய காலிப் பை தொங்கியது. திரும்பி வரும்போது அதில் என் தம்பி சரவணனின் துணிமணிகள் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

சரவணன் கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரன். கடற்கரையோர ஊர் ஒன்றின் அணி, இந்த ஆண்டின் ஏழுபேர் ஆட்டத் தொடருக்காக அவனை அழைத்துச் சேர்த்துக்கொண்டிருந்தது. காலிறுதியில் விழுந்து வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஓடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். “வேணாம்னு அவுக அனுப்புறதுக்கு முன்னாடி நீயே போயிக் கூட்டியாந்துரு. வெரட்டிவிட்டாகன்னு ஒரு பேச்சு வந்துறக் கூடாது” என்றார் அம்மா. தம்பியின் முழங்காலைவிட அவனுடைய மரியாதை குறித்தே அவர் அதிகம் கவலைப்பட்டார் என்று அப்போது நினைத்தேன். அந்தக் கவலை நியாயமானது என்பதைப் பயணத்தின் மூன்றாவது பேருந்திலேயே அறிந்துகொண்டேன்.

திருமயம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்; கட்டணம் இருபத்து நான்கு ரூபாய். கோட்டைச் சுவரில் வெயில் ஏறுவதற்குள் அரிமளம் வழியாக அறந்தாங்கி செல்லும் வண்டி கிடைத்தது. அதற்கு இருபத்தெட்டு. அறந்தாங்கியில் நான்கு இட்லியும் ஒரு வடையும் நாற்பது ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரை வண்டியில் ஏறினேன். நான் சென்ற ஊர் மணமேல்குடிக்குத் தெற்கே இருக்கிறது. அதற்குமேல் அடையாளம் எழுத வேண்டாம் என்று அவ்வூர் ரசிகர்கள் கேட்டுக்கொண்டார்கள். தொடர் இன்னும் முடியவில்லை, எதிரணிக்காரர்களும் படிப்பார்களாம்.

எனக்கு முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். பேச்சிலிருந்தே பெயர்கள் தெரிந்துவிட்டன. அத்தர் மணக்க அமர்ந்திருந்தவர் தாஜுதீன், சார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்தவர். மற்றவர் அன்சாரி, உள்ளூரில் ஐஸ் கம்பெனியில் வேலை. வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அவர்கள் என் தம்பியைப் பற்றி விவாதிக்கத் தொடங்கினார்கள்.

ஓர் அணியில் வெளியூர் ஆட்டக்காரர் இருவருக்குத்தான் இடம். அரையிறுதி நாளன்று நண்பகல் வரை ஒருவரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அரையிறுதி அன்று மாலைதான். காரைக்குடியில் ஒரு நல்ல முன்கள வீரர் வரத் தயாராக இருந்தார். சரவணனை நீக்கினால்தான் அவரைச் சேர்க்க முடியும்.

“ஆடாத ஆளுக்கு எதுக்கு மச்சான் ஒரு எடம்?” என்றார் தாஜுதீன். “வெளியூரு ரெண்டு பேருல ஒருத்தன் முட்டியில கட்டுப் போட்டு உக்காந்திருக்கான். ஏழு பேரு ஆட்டத்துல நாம என்ன தர்மசத்திரமா நடத்துறோம்?”

“அவன் வர்றதுக்கு முன்னாடி நம்ம பயலுக பந்த ஆகாசத்துக்குத்தான் அடிச்சானுக. ஏரோப்ளேன் தப்பிச்சதே பெருசு. இப்பத்தான் பந்து தரையில போகுது.”

“அதான் கத்துக்கிட்டானுகள்ல. இனிமே எதுக்கு?”

“ஆடாத ஆளுக்கு எடமில்லன்னா, பதினோரு மாசம் ஊர்லயே இல்லாத ஒனக்கு வீட்டுல எதுக்கு மச்சான் ஒரு கட்டிலு?”

பக்கத்து இருக்கைகளில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. தாஜுதீனின் வாதத்தில் பிழை காண என்னால் முடியவில்லை. வளைகுடாவில் உழைக்கும் அவ்வூர் ஆண்கள் வாரந்தோறும் கைப்பேசியில் ஆட்டம் பார்ப்பவர்கள். சட்டை முதல் பந்து வரை அவர்கள் அனுப்பியது. வெற்றியை எதிர்பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆடமுடியாத ஒருவனுக்காக அணி தோற்றால், அந்தத் தோல்வி காலமெல்லாம் சரவணன் பெயரில்தான் எழுதப்படும் என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கருவேலங்காடுகள் விலகி உப்புக் காற்று முகத்தில் அடித்த அந்த வழியெல்லாம், முன்பின் தெரியாத இருவர் என் தம்பி பந்தை நிறுத்தும் அழகைப் பற்றிச் சண்டையிடுவதைக் கேட்க உள்ளூர மகிழ்ச்சியாகவே இருந்தது.

பத்தரை மணியளவில் இறங்கினேன். சரவணன் அவ்வூர்க் கால்பந்து மன்றத்தின் மாடி அறையில் தங்கியிருந்தான். கைத்தடி ஊன்றிப் படியிறங்கி வந்தவன் என் பையைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

“நானே போறேன்னு சொல்லிட்டேன்க்கா. இன்னும் பதில் வரல.”

யாரிடமிருந்து வர வேண்டும் என்று கேட்டேன். சோறு போட்ட வீடுகளிலிருந்து என்றான். அந்த ஊரின் வழக்கத்தை அப்போதுதான் விளக்கினான். அங்கே வெளியூர் ஆட்டக்காரரை விடுதியில் தங்கவைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு வீடு என்று முறைவைத்து மூன்று வேளையும் சாப்பாடு போடுவார்கள். தேநீர்க் கடையில் ஆண்கள் எவ்வளவு வாதிட்டாலும், அப்படிச் சாப்பிட்டவரை இடையில் அனுப்ப வேண்டுமென்றால் அந்த வீடுகளின் சம்மதம் வேண்டும். மைதானத்துக்கே வராத பெண்கள் அணியின் ஓர் இடத்தை முடிவு செய்கிறார்கள். சமூகப்பணி படித்த எனக்கு எந்த வகுப்பிலும் இப்படியொரு ஏற்பாட்டைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

அன்று முறை ஜன்னத் என்பவரின் வீடு. ஐம்பது வயதிருக்கும், என்னைக் கண்டதும் இன்னாரென்று கேட்கும் முன்பே தட்டு வைத்துவிட்டார். “மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசுவோம்.” தேங்காய்ச்சோறும் மீன்குழம்பும். நான் வந்த நோக்கத்தைத் தயங்காமல் சொன்னேன். தம்பியை அழைத்துப்போகிறேன், நண்பகலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, காரைக்குடி வீரரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் அணி வெல்ல வேண்டும் என்றேன். எல்லாருக்கும் குறைந்த இழப்பு அதுதான் என்று உண்மையாகவே கருதினேன். சரவணன் தலைகுனிந்து குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தான்.

ஜன்னத் பதில் சொல்லும் முன் வாசலில் செருப்புச் சத்தம். “லாத்தா, முடிவு என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டே நுழைந்தவர் தாஜுதீன். அங்கே அக்காவை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஜன்னத் அவருடைய உடன்பிறந்த அக்கா. பேருந்தில் தமக்குப் பின்னால் அமர்ந்திருந்தவள் என்று என்னை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் சரவணனைப் பார்த்தார்.

“இவுக யாரு?”

“அந்தப் புள்ளையோட அக்கா. பொன்னமராவதியிலேருந்து வந்திருக்கு.”

தாஜுதீன் என் பக்கம் திரும்பினார். “பஸ்ஸுலயே சொல்லியிருக்கலாம்லங்க. கொஞ்சம் கொறச்சுப் பேசியிருப்பேன்” என்றார்.

“கொறச்சுப் பேசியிருந்தா உங்க நியாயம் எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க” என்றேன்.

ஜன்னத் கையைக் கழுவிக்கொண்டு தாஜுதீன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார். “சோறு போட்ட வீடு எல்லாத்துலயும் கேட்டாச்சு. இந்தப் புள்ள நம்ம சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் விழுந்துச்சு. விழுந்த எடத்துலயே விட்டுப்புட்டு வேற ஆளத் தேடுனா, அடுத்த வருசம் எந்த ஊருத் தாய் நம்மளை நம்பிப் புள்ளைய அனுப்புவா? இது பேரு லிஸ்டுலயே இருக்கட்டும்.”

“தோத்துட்டா?”

“தோத்தாலும் ஒனக்குச் சோறு உண்டு. போ.”

தாஜுதீன் போனார். என்னைப் பார்த்து, “மேட்ச் முடியட்டும் தங்கச்சி. அதுக்கப்பறம் ஒங்க புள்ள, ஒங்க இஷ்டம்” என்றார் ஜன்னத். விளைவுகளை எடைபோடுவதில் தேர்ந்தவள் என்று என்னை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். நான் ஒரு மாலை ஆட்டத்தைத்தான் எடைபோட்டிருந்தேன். அவர் வரப்போகும் ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தார்.

மாலை நான்கரைக்கு ஆட்டம். கடலை ஒட்டிய மணற்பாங்கான திடல். நுழைவுச் சீட்டு இருபது ரூபாய். சரவணன் எட்டாம் எண் சட்டையுடன் எல்லைக்கோட்டின் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தான். அவனுடைய இடத்தில் உள்ளூர்க் கல்லூரி மாணவன் ரியாஸ் இடதுபக்கமாக ஆடினான். பந்து காலுக்கு வரும்போதெல்லாம் ரியாஸின் கண் நாற்காலிக்குப் போகும். சரவணன் கத்தமாட்டான், கையை மட்டும் அசைப்பான். பொறு, இப்போது கொடு, திரும்பு. பந்து தரையோடு தரையாகப் போனது. முதல் பாதியில் இரு பக்கமும் கோல் இல்லை. காரைக்குடிப் பையன் இருந்திருந்தால் இரண்டு போட்டிருப்பான் என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கணக்குச் சொன்னது, தாஜுதீன்தான்.

இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறின. ரியாஸ் ஆடவேண்டிய ஓரம் இப்போது திடலின் எதிர்ப்பக்கம். முதல் சில நிமிடங்களிலேயே இரண்டு முறை அவன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நாற்காலி இருந்த திசையைத் தேடினான். இரண்டு முறையும் பந்து பறிபோனது. சரவணன் தடியை ஊன்றி எழ முயன்றான். அந்த மணலில் அவனால் ஓரடிகூட வைக்க முடியவில்லை.

அப்போது தாஜுதீன் கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். “அன்சாரி, அங்கிட்டுப் புடி மச்சான்.” இருவரும் சரவணனை உட்காரவைத்து நாற்காலியோடு தூக்கினார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால், எதிரணி ரசிகர்களின் நடுவே, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவரும் பேன்ட் முழுக்க மணலான ஒருவரும் எட்டாம் எண் சட்டையைச் சுமந்து திடலைச் சுற்றி நடந்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் எங்கே போகிறது என்று எதிரணிக்காரர் ஒருவர் கேட்டார். “பொண்ணு வீட்டுக்கு. கோல் வாங்கிட்டு வாரோம்” என்றார் தாஜுதீன், மூச்சிரைக்க.

மறுபக்கம் நாற்காலி தரையில் பட்டதும் ரியாஸ் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து அவனிடம் வந்தது. சரவணனின் கை அசையவே இல்லை. ரியாஸும் பார்க்கவில்லை. எதிரணியினர் இருவருக்கிடையில் பந்தைத் தரையோடு தள்ளினான். முன்கள வீரன் அதைத் தொட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம். அணி இறுதியாட்டத்துக்குப் போய்விட்டது.

பேருந்துக்கு என்னை ஏற்றிவிட ஜன்னத்தும் வந்தார். இறுதியாட்டம் அடுத்த ஞாயிறு. அதுவரை இன்னும் முறை வராத வீடுகள் விடமாட்டா என்பதால் சரவணன் அங்கேயே இருக்கிறான். என் காலிப் பையைச் சும்மா அனுப்பக் கூடாது என்று கருவாட்டால் நிரப்பிவிட்டார். தாஜுதீன் ஜன்னலருகே வந்து, காரைக்குடிப் பையன் இருந்திருந்தால் இரண்டு கோல் என்ற தம் கருத்தில் மாற்றமில்லை என்று தெரிவித்தார். பிறகு, “அடுத்த வருசம் தம்பிய வேற ஊருக்குப் பேசிறாதீங்க” என்றார்.

எங்கள் ஊர்த் திடலுக்கும் வெளியூர் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அவர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இனி வரும் முதல் ஆட்டக்காரருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று திருமயத்தைக் கடக்கும்போது தீர்மானித்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா பையைத் திறந்தார். “துணி எங்கடி?”

“துணியும் அங்கதான் இருக்கு ஆத்தா. அவனும் அங்கதான் இருக்கான்.” நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா கருவாட்டை முறத்தில் பரப்பிக்கொண்டே கேட்டார். முடித்ததும் கை நின்றது.

“நாற்காலியத் தூக்குனது யாருன்ன?”

“அவன அனுப்பணும்னு சொன்னவருதான்.”

“கீழ எறக்கவே இல்லையா?”

“மறுபக்கம் போயித்தான் எறக்குனாக.”

அம்மா முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ சொல்லு.”