நிற்கிற சுவரில் மோதியவர்

டிப்போவில் அவருக்குப் பெயர் நாப்பது. வயதை வைத்து வந்த பெயரல்ல. அவர் ஓட்டும் டவுன் பஸ் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டவர்கள் அவர் வண்டி என்று தெரிந்தால் ஏறமாட்டார்கள். பின்னால் வருகிற பஸ்ஸில் ஏறி அவரை முந்திக்கொண்டு போவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கோழிமேல்கூட ஏற்றியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

முதலில் கண்டுபிடித்தது மனைவி. இடது பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரை அவர் ஒரே வாரத்தில் மூன்று தடவை தட்டிவிட்டார்.

"கண்ணை எந்தக் கடையில அடகு வெச்சீங்க?" என்று கேட்டாள். நாலாவது தடவை அவள் கேலி செய்யவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

"நேர் பார்வை பிரமாதம்," என்றார் டாக்டர். "கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டீங்க. ஓரப் பார்வைதான் போயிட்டிருக்கு, அதுவும் இடது பக்கம் ரொம்ப. போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்த சொட்டு மருந்து தர்றேன். என்ன வேலை பார்க்கறீங்க?"

"பஸ் டிரைவர்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இனிமே ஓட்டாதீங்க."

மறுநாள் காலை டாக்டர் சீட்டோடு டிப்போ மேலாளர் முன்னால் போய் நின்றார். மேலாளர் நல்ல மனுஷர், அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

"போன வருஷம்தான் நம்ம கண் பரிசோதனை. எல்லா எழுத்தும் படிச்சுத் தேறியிருக்கீங்க. அடுத்தது மூணு வருஷம் கழிச்சு," என்றார் மேலாளர், கோப்பைப் புரட்டியபடி.

"எழுத்து எல்லாம் நேரா இருக்கு சார். ஆளுங்க ஓரத்துலயும் வர்றாங்களே."

"வெளி டாக்டர் சீட்டு இங்கே செல்லாது. நம்ம மருத்துவக் குழுவுக்கு அனுப்பணும்னா ரெண்டு காரணம்தான் உண்டு. ஒண்ணு விபத்து, இல்லேன்னா பொதுமக்கள் புகார். உங்க மேல ரெண்டுமே கிடையாதே!"

"நானே புகார் சொல்றேன்."

"தன்மேல தானே புகார் சொல்லப் படிவம் இல்லைங்க," என்றார் மேலாளர், உண்மையான வருத்தத்தோடு.

ராஜினாமா செய்யலாம். செய்தால் பென்ஷன் கிடையாது, குடியிருக்கும் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். பாக்கியிருந்த பதினெட்டு நாள் லீவையும் எடுத்துத் தீர்த்தார். பத்தொன்பதாம் நாள் வண்டியில் ஏற வேண்டியதாயிற்று.

அவருடைய கண்டக்டருக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாது. "நான் எதுக்கு இருக்கேன்ணே? இன்னையிலேர்ந்து உங்க இடது கண்ணு நான்தான்," என்றான். திருப்பங்களில் முன்படியில் வந்து நின்று, "இடது சரி, போலாம்" என்று குரல் கொடுத்தான். சட்டப்படி அந்த பஸ்ஸை ஓட்டியவர் ஒருவர். உண்மையில் இரண்டு பேர். ஒரு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நல்லபடியாக நடக்கிற தப்பை நிறுத்துவதுதான் கஷ்டம்.

ஒரு நாள் சாயங்காலம், சில்லறைத் தகராறில் ரேடியோ பின்சீட்டில் மாட்டிக்கொண்டான். மார்க்கெட் முனையில் வண்டி இடது பக்கம் திரும்பும்போது ஓர் அலறல். பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கி ஓடினார். சாக்கடை ஓரத்தில் சைக்கிளோடு ஒரு பெண் விழுந்து கிடந்தாள். சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு சாண் இடம். தக்காளி ரோடெல்லாம் உருண்டது.

அந்தப் பெண் சிராய்த்த முழங்கையைத் துடைத்தபடி எழுந்தாள். "மன்னிச்சிருங்கண்ணே. வீட்டு நெனப்புல வந்துட்டேன். நான்தான் பார்க்கல."

"பார்க்காதது நான்தாம்மா."

"பாருங்க, எவ்வளவு பெரிய மனசு!" என்றார் ஒரு பயணி. இன்னொருவர் அவளிடம் பாய்ந்தார்: "இவர் நாப்பதைத் தாண்டாத மனுஷன்மா. இவர் வண்டியிலயே வந்து விழறேன்னா நீ எங்கே பார்த்துக்கிட்டு வந்தே?"

இருபத்திரண்டு வருஷத்து நல்ல பெயர் அந்த நடுத்தெருவில் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"என்மேல ஒரு புகார் எழுதிக் கொடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கை கூப்பினார்.

அவள் பயந்தே போனாள். "ஐயோ, எனக்கெதுக்குண்ணே வம்பு!" என்று அகப்பட்ட தக்காளியைப் பொறுக்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி ஓடினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ரேடியோ முன்படியை விட்டு நகரவில்லை. டிப்போவுக்குள் நுழைந்ததும் அவனை இறங்கச் சொன்னார். காலி வண்டியை மெதுவாக, வண்டி கழுவுகிற இடத்துச் சுவரை நோக்கி ஓட்டினார். நேர் எதிரே இருந்ததால் அந்தச் சுவர் அவருக்குச் செங்கல் செங்கலாகத் தெரிந்தது. ஒரு விளக்கு நொறுங்கியது. பம்பர் வளைந்தது.

ஓடி வந்த மேலாளர் அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். அறைக்குள் கூட்டிப் போய்த் தாளை நீட்டினார். "வேணும்னு மோதினேன்னு எழுதினா வேலையே போயிடும். கவனக்குறைவுன்னு எழுதுங்க."

"இவருக்கா சார் கவனக்குறைவு?" என்று வாசலில் நின்ற ரேடியோ கத்தினான். "ஊரையே கூட்டிச் சாட்சி சொல்வேன்!"

"உன் வாயால அவர் சோத்துல மண்ணு விழுந்துடும். சும்மா இரு," என்றார் மேலாளர்.

'என் கவனக்குறைவால்' என்று எழுதி முடிப்பதற்குள் அவர் பேனா மூன்று தடவை நின்றது.

இனி ஓட்டக்கூடாது என்று சொல்ல மருத்துவக் குழுவுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. டிப்போ வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளின் எண்ணைக் குறிக்கிற வேலை கொடுத்தார்கள். விபத்தில்லா ஓட்டுநர் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள்.

"விடுங்க, ஒரு உயிருக்கும் ஒண்ணும் ஆகலையே," என்றாள் மனைவி.

"அதை எழுதத்தான் அந்தத் தாள்ல இடம் இல்லை."

போன வாரம் வேறு டிப்போவிலிருந்து மாற்றலாகி வந்த டிரைவர் ஒருவன் வாசலில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான். "அண்ணே, சும்மா நின்னுக்கிட்டிருந்த சுவரை இடிச்சது நீங்கதானாமே?"

"ஆமாப்பா."

"அதெப்படிண்ணே? அவ்வளவு பெரிய சுவரு!"

அவர் எண்ணை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "கவனிக்கல," என்றார்.