பின் சீட்டில் அப்பாவும் சித்தப்பாவும்

இல்லை, ஜாக்கியில் தூக்கி வைத்தபடியே கடைசி இறுக்கு கூடாது.

ஜீப்பின் உயரத்தைக் கூட்டிய பிறகு பின் அச்சு கோணலாகியிருந்தது. அச்சைப் பிடித்திருக்கும் கண்ட்ரோல் ஆர்ம்களின் நீளத்தைத் திருத்தி நேராக்கிவிட்டேன். இனி சக்கரங்கள் தரையில் நின்று, ஆள் பாரமும் ஏறிய பிறகுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் முறுகிக் கிழியும்.

இன்று காலை உதியன்குளங்கரையில் பாரத்துக்குக் கிடைத்தவர்கள் அப்பாவும் பக்கத்து வீட்டிலிருக்கும் அவர் தம்பி, என் சித்தப்பாவும்.

இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலைப் பற்றிய தகராறுக்குப் பிறகு இருவரும் பேசுவதில்லை. அடுத்த மாதம் என் கல்யாணம். அண்ணன் நிற்கும் பந்தலில் கால் வைக்கமாட்டேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். இன்று எனக்காகப் பின் சீட்டில் ஏறினார்கள், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி.

நான் வண்டிக்கு அடியில் படுத்தேன்.

"மக்கா, உன் அப்பாட்ட சொல்லு, கொஞ்சம் நீங்கி இருக்க" என்றார் சித்தப்பா.

"அவன்ட்ட சொல்லு, பாரத்துக்கு வச்ச மூட்டை பேசாது" என்றார் அப்பா.

பிறகு மேலே சத்தமே இல்லை. ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். அவர்கள் சண்டை போட்டாலும் போதும் என்றிருந்தது. கடைசி போல்ட்டும் இறுகிவிட்டது.

அப்போது அப்பா, நேராகச் சித்தப்பாவிடமே:

"எலே, நீ நல்லா தடிச்சிட்ட. வண்டி உன் பக்கமாக்கும் சாயுது."

"ஒம்ம வயித்தப் பாரும் அண்ணா, பொறவு என்னச் சொல்லும்."

அப்பா சிரித்தார். பிறகு குனிந்து என்னிடம், "வேலை கழிஞ்சா மக்கா?"

"இல்லப்பா, இன்னும் உண்டு" என்றேன்.

இறுக்கிய போல்ட்டை மறுபடி தளர்த்தினேன்.