பூசை நாளில் சிவந்த கால்வாய்

ஆயுத பூசைக்குக் காலணியைக் கழற்ற வேண்டும். எஃகு ஆலைக்குள் காலணியைக் கழற்றக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஆண்டுதோறும் மாட்டிக்கொண்டு முழிப்பவள் நான். தஞ்சோங் கிளிங் பக்கம் உள்ள ஒரு கம்பி ஆலையில் பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் பொறுப்பானவள் என்று என் கழுத்தில் தொங்கும் அட்டை சொல்கிறது. வேலையாட்கள் சுருக்கமாகப் 'போலீஸ்காரம்மா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

ஆலைக்கு வரும் தடித்த கம்பிச் சுருள்களை அமிலத் தொட்டியில் முக்கித் துருவை எடுப்போம். பிறகு அவற்றை மெல்லிய கம்பியாக இழுப்போம். துருவைத் தின்று தின்று அமிலம் செம்பழுப்பாகிவிடும். அதைத் தனியாகச் சுத்திகரித்துத்தான் வெளியே விட வேண்டும். ஆலைக்குள் ஓடும் மழைநீர்க் கால்வாய், இங்கே லோங்காங் என்போம், வேலியைத் தாண்டி ஒரு மலாய்க் கம்போங், அதாவது கிராமம், வழியாகக் கடலுக்குப் போகிறது. வழியில் ஒரு மலாய்ப் பெரியவரின் சியாக்காப் மீன் குளம் இருக்கிறது. எல்லாருக்கும் அவர் பாக்சிக், மாமா. கால்வாய்த் தண்ணீர்தான் அந்தக் குளத்துக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்ததும் அவரைப் பார்க்கப் போனேன். கட்டன் காப்பி கொடுத்தார். காப்பி முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். நான் வருவதற்கு முன்னால் ஒருமுறை ஆலையிலிருந்து சிவப்புத் தண்ணீர் வந்து, அவருடைய மீன்கள் எல்லாம் வயிறு தெரிய மிதந்தனவாம். ஆபீசுக்கு போன் அடித்திருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். மீன் செத்ததைவிட, யாரும் எடுக்காத அந்தப் போன்தான் அவருக்கு ஆறவே இல்லை. நான் என் கைப்பேசி எண்ணைக் கொடுத்தேன். "தண்ணி நிறம் மாறினா என்னைக் கூப்பிடுங்க பாக்சிக், ஆலையை நிறுத்திட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்" என்று மலாயில் சொன்னேன். காப்புறுதி விற்க வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. தண்ணீர் சுத்தமாக இருந்ததாலா, என்னை நம்பாததாலா என்று எனக்குத் தெரியவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இனிப் பூசைக்கு வருகிறேன். எங்கள் ஃபோர்மேனை எல்லாரும் மண்டோர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா ரப்பர்த் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். தோட்டம் வீடமைப்புத் திட்டமாகிப் போனது, பட்டம் மட்டும் மகனுக்கு வந்து சேர்ந்தது. தலைக்கவசத்தின் வார் தளர்ந்திருந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிற மனுசன். பூசை என்று வந்துவிட்டால் மட்டும் கல்யாண வீட்டுத் தாய்மாமன் ஆகிவிடுவார்.

கால்வாய் சிவந்த அந்த ஆண்டு நானும் அவரும் ஒரு வாரமாக மல்லுக்கட்டினோம். காலணிக்கு வழி கண்டுபிடித்தோம்: இயந்திரங்களைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே பாய் விரித்து, சாமிப் படத்தை அங்கே வைத்தால் காலணியைக் கழற்றலாம். கோட்டுக்கு உள்ளே பொட்டு வைக்கப் போகிறவர் காலணியோடு போகலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. கற்பூரத்துக்குப் பக்கத்தில் தீயணைப்பான் நிற்க வேண்டும் என்றேன். மண்டோர் சரியென்று அதற்கும் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டார். பூசணிக்காய் உடைத்தால் உடனே பெருக்க வேண்டும், யாரும் வழுக்கி விழக் கூடாது. குருக்கள் குடுமிக்கு மேல் தலைக்கவசம் மாட்டிக்கொண்டார். எல்லாவற்றையும் யோசித்தோம் என்றுதான் நினைத்தோம்.

பூசை அமர்க்களமாக நடந்தது. வங்காளதேசத்துத் தம்பிகள் வரிசையில் நின்று சுண்டல் வாங்கினார்கள். எங்கள் முதலாளி தௌக்கே, பினாங்குச் சீனர், நெற்றி நிறையக் குங்குமத்தோடு இயந்திரத்தின் பச்சைப் பொத்தானை அழுத்தினார். பூசைக்குப் பிறகு வரும் முதல் சுருளைத் தொட்டுக் கும்பிட எல்லாரும் காத்திருந்தார்கள். ஒன்றிரண்டு பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். எனக்கும் சிரித்துச் சிரித்து வாய் வலித்தது.

அப்போதுதான் என் போன் அடித்தது. பாக்சிக்.

"மேரா! ஆயேர் மேரா!" என்றார். சிவப்பு, தண்ணீர் சிவப்பாக இருக்கிறது. "குளத்து மடையைப் பலகை வச்சு அடைச்சிட்டேன். நீ சொன்னியே, நிறுத்துவியா?"

அமிலத் தொட்டி ஓட்டை விழுந்திருக்குமோ? குளத்தில் அவர் மீன்குஞ்சு விட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் முதல் சுருள் பாதி வந்துவிட்டது, தௌக்கே நிற்கிறார், கையெடுத்துக் கும்பிட்டபடி ஆட்கள் நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் நான் கொடுத்த வாக்கு. நேரே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஆலை பெருமூச்சு விட்டு நின்றது.

"என்னாம்மா இது!" மண்டோர் கத்தினார். "பூசை போட்டு மொத சுருளு வர்ற நேரத்துல நிறுத்துறியே! அபசகுனம் லா! வெண்ணெ திரண்டு வரும்போது தாழிய ஒடைச்சிட்டியே!"

"தாழி இருக்கட்டும் அண்ணே, தொட்டி ஒடஞ்சிருக்கானு பாருங்க! லோங்காங்ல செவப்புத் தண்ணி ஓடுதாம்!"

அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. என்னை முந்திக்கொண்டு ஓடினார். தௌக்கே, "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார். "காரணம் தெரியும்வரை" என்றேன். தலையாட்டிவிட்டுச் சுண்டல் தட்டோடு உட்கார்ந்துகொண்டார். அந்த மனுசனுக்குக் கோயில் கட்டலாம்.

கால்வாய் ஆலையை விட்டு வெளியேறும் இடத்தில் மதகை இறக்கினோம். தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை. குழாய்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. ஆனால் மதகுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் குங்குமச் சிவப்பில் இருந்தது. சோதனைத் தாளை நனைத்தேன். அமிலம் என்றால் தாள் சிவக்க வேண்டும். இது சற்றே நீலம் பக்கம் போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் வந்த வழியைப் பார்த்துக் கால்வாய் ஓரமாகவே நடந்தோம்.

ஆலையின் முன்வாசல் பக்கம் திரும்பியதும் பாதி எலுமிச்சம்பழம் ஒன்று மிதந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒரு வெற்றிலை, நடுவில் கரிந்த கற்பூரப் புள்ளியோடு.

நான் மண்டோரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"அண்ணே, ஆலத்தி எடுத்தீங்களா?"

"எடுக்காம? லாரிக்கு, ஃபோர்க்லிப்டுக்கு, கிரேனுக்கு, அத்தனைக்கும் சேர்த்துத்தான்மா..."

"எதுல கரைச்சீங்க?"

அவர் கை காட்டிய இடத்தில், வாசலோரமாக, பெரிய நீல டிரம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தட்டில் கரைத்தால் ஒரு லாரிக்குக்கூடக் காணாது என்று, தெங்கேராப் பக்கத்துக் கடையில் இருந்த மஞ்சள் தூளையும் சுண்ணாம்பையும் அள்ளிக்கொண்டு வந்து டிரம் நிறையக் கரைத்திருக்கிறார். ஆலத்தி சுற்றியதை வாசலில் ஊற்றுவதுதான் முறை. முறை தவறாத மனுசன், மிச்சத்தையெல்லாம் ஃபோர்க்லிப்டால் தூக்கி வாசலில் ஊற்றச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆலையின் வாசலில் இருப்பது கோலம் அல்ல, மழைநீர்க் கால்வாயின் இரும்புக் கம்பி மூடி.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் மண்டோரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கால்வாய் ஓரத்திலேயே உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவரைக் காரில் ஏற்றினேன்.

"நீங்களே வந்து சொல்லுங்க அண்ணே. நான் சொன்னா அவர் நம்ப மாட்டார்."

பாக்சிக் குளத்தங்கரையில் நின்றுகொண்டிருந்தார். மடைப்பலகை இறுக்கமாக அடைத்திருந்தது, சிவப்பு உள்ளே வரவில்லை. மீன்குஞ்சுகள் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. மண்டோர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். குன்யிட், மஞ்சள். காப்போர், சுண்ணாம்பு. ஒரு டிரம். கண் படக் கூடாது என்பதற்காக.

பாக்சிக் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு முட்டியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தாற்போல என்று மலாயில் ஒரு பழமொழி உண்டு. நன்றாகப் பொருந்திப் போகிறவர்களைச் சொல்வது. அதை எங்கள் இருவரையும் காட்டிச் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஆலையை நிஜமாவே நிறுத்தினியா?"

"இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு பாக்சிக். நீங்க சரின்னு சொன்னாத்தான் ஓடும்."

அவர் உள்ளே போய்க் கட்டன் காப்பி கொண்டு வந்தார். இந்த முறை கூடவே வாழைப்பழப் பலகாரமும் வந்தது. என் மனசு நிறைந்து போனது. அவர் கூப்பிட்டார், நான் எடுத்தேன், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் சம்பளம் கூடிய நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போனதில்லை. ஆலைக்குத் திரும்பி, மதகுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு இறைத்து முடித்த பிறகு முதல் சுருள் வந்தது. எல்லாரும் அதைத் தொட்டுக் கும்பிட்டோம்.

அடுத்த ஆண்டுப் பூசையில் ஆலத்தி தட்டில்தான் கரைத்தார்கள். ஊற்றுவதற்குச் செம்பருத்திச் செடியின் அடியில் ஓர் இடமும் ஒதுக்கியாகிவிட்டது. மண்டோர் சந்தனக் கிண்ணத்தோடு இயந்திரம் இயந்திரமாகப் போனார். பிறகு மதகுக்குப் பொட்டு வைத்தார். கடைசியில் என் முன்னால் வந்து நின்றார்.

"போனைக் குடும்மா."

"எதுக்கு அண்ணே?"

"இதுவும் ஆயுதந்தானே லா."

என் கைப்பேசியின் முதுகில் சந்தனம் தடவி, அதன்மேல் பெரிதாகக் குங்குமம் வைத்துக் கையில் கொடுத்தார். ஈரம் காயவில்லை, அதற்குள் அது அடித்தது. பாக்சிக். அவசரத்தில் திருப்பிப் பிடித்துக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"இன்னிக்கு உங்க பூசையாமே," என்றார். "தண்ணி தெளிவா இருக்கு. நீ எடுக்கிறியான்னு சும்மா பார்த்தேன்."

ஆயர் குரோவில் உள்ள என் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காது முழுக்கக் குங்குமம். துடைக்க மனசு வரவில்லை, அப்படியே சாப்பிட உட்கார்ந்தேன்.