வெயிலில் என் வீட்டுக்காரர்

போன புதன்கிழமை என் வீட்டுக்காரர் பகலில் வீட்டில் இருந்தார்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் ஜோகூர்க்காரர் இல்லை. எங்கள் பெர்மாஸ் ஜெயாவில் பாதி வீட்டு ஆண்களுக்குச் சிங்கப்பூரில்தான் வேலை. விடியுமுன் மோட்டாரைக் கிளப்பி, எல்லைப் பாலத்து ஜாமில் ஊர்ந்து, அந்தப் பக்கம் வேலை முடித்து, மறுபடி ஜாமில் ஊர்ந்து... இருட்டிய பிறகுதான் கேட் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை? ஓ.டி. இல்லையென்றால் தூக்கம்.

ஆக, நான் என் புருஷனை டியூப்லைட் வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். வருஷக்கணக்காக!

அவர் சிங்கப்பூர் போகுமுன் கல்யாண போட்டோ எடுத்தவர். சாஆ என்கிற ஊரில் என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்தபோது, ஒரு கேமரா அவர் தோளில் தொங்கியது. ஃபிலிம் போடுகிற, புரொபஷனல் ஆட்கள் வைத்திருந்த கேமரா. தூக்கினால் தோசைக்கல் கனம். ஆல்பம் வந்ததும் சித்தப்பா பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்டி, பொண்ணு மாப்பிள்ளைய விட நீதான் இதுல அதிகமா இருக்க. யாரு கல்யாணம் இது?"

அப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் கதை.

ஊரையே படம் எடுத்த மனுஷனுக்கு ஒழுங்கான படம் ஒன்று கிடையாது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபருக்கு விடாமல் ஆங்கிள் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் தாலி கட்டும் படத்தில்கூட வாய் திறந்திருக்கும். போனில் எடுக்கலாமே என்பீர்கள். எடுத்திருக்கிறேனே! அத்தனையும் சோபாவில் தூங்கும் படங்கள். சாக்ஸ்கூடக் கழற்றாமல்.

எனக்கு ஓர் ஆசை. அவர் கேமராவிலேயே, முழித்திருக்கும் அவரை, நல்ல வெயிலில் ஒரு படம் எடுக்க வேண்டும். ஃபிலிம் ரோல் ஒன்று வாங்கி, கெடாமல் இருக்க பிரிட்ஜில் மீன் கறித்தூள் பக்கத்தில் வைத்திருந்தேன். வெயில் தினமும் வந்தது. ஆள்தான் வரவில்லை.

கடைசியில், சேர்ந்துபோன லீவைத் தீர்க்கச் சொல்லி கம்பெனியே விரட்டியது. புதன்கிழமை கிடைத்தது.

அவர் எழுவதற்குள் நானே ஃபிலிமை மாட்டிவிட்டேன். பின்மூடியைத் திறந்து, ரோலை ஒரு பக்கம் வைத்து, நுனியை இழுத்து மறுபக்க உருளையில் சொருகி, மூடினேன். அவ்வளவுதானே? பெரிய வித்தையா?

போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

"இந்த மூஞ்சிக்கா? ஃபிலிம் விக்கிற விலைக்கா? அலமாக்..."

"பேசாம உக்காருங்க. வெயில் போயிடும்."

"சரி லா, எடு."

கிளிக். லீவரை இழுத்து, மறுபடி கிளிக். முதலில் பாஸ்போர்ட் படம் மாதிரி விறைப்பாக இருந்தார். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"காலைல பாலத்துல என் பக்கத்துல ஒரு அண்ணன் வருவாரு. பேரு தெரியாது. பார்த்தா தலையாட்டிக்குவோம். மழை வந்தா, போனைச் சுத்தி வைக்க எனக்கும் ஒரு பிளாஸ்டிக் பை நீட்டுவாரு. போன மாசம் ஒரு வாரம் ஆளைக் காணோம். மனசே சரியில்ல, தெரியுமா?"

அந்த அண்ணன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் புருஷன் முழித்திருக்கும் முகத்தைத் தினமும் பார்க்கிற ஆளாச்சே!

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். காதோரம் நரை. சிரித்தால் கண்ணோரம் சுருக்கம். தாடையில் ஹெல்மெட் வார் உரசி உரசி விழுந்த கறுப்புத் தடம். இதெல்லாம் எப்போது வந்தது? யாரைக் கேட்டு வந்தது? எதிரிலேயே உட்கார்ந்திருந்த மனுஷனை மனசு அப்படித் தேடியது. நல்லவேளை, கேமரா என் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

கிளிக். கிளிக்.

அப்போதுதான் கேமரா மேலிருக்கும் எண்ணைக் கவனித்தேன். ரோலில் இருப்பது முப்பத்தாறு படம். எண் அதைத் தாண்டிவிட்டது! ஃபிலிம் தீர்ந்தால் லீவர் இறுகி நின்றுவிட வேண்டும். இங்கேயோ அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு வருகிறது.

நான் சொருகின நுனி உருளையில் சிக்கவே இல்லை. ஃபிலிம் நகரவே இல்லை. இத்தனை நேரம் எடுத்ததில் ஒரு படமும் விழவில்லை.

சொல்லியிருக்க வேண்டும்தான். சொன்னால் என்ன ஆகும்? "அட போ மா" என்று எழுந்து, ரோட் டாக்ஸ் புதுப்பிக்கப் போவார். வந்து தூங்குவார். மறுநாள் விடியுமுன் மோட்டார் சத்தம். கேமரா என் கண்ணில் இருக்கும்வரைதான் இந்த நாற்காலியில் இந்தச் சிரிப்பு.

நான் கேமராவை இறக்கவில்லை.

எடுத்தேன்... எடுத்துக்கொண்டே இருந்தேன். வெயில் பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறும்வரை. "இப்படித் திரும்புங்க." "அந்த அண்ணன் கதைய இன்னொரு தடவ சொல்லுங்க." அவரும் சலிக்காமல் திரும்பினார், சலிக்காமல் சொன்னார். ஒரு ரோலில் எத்தனை படம் என்று கல்யாண போட்டோகிராபருக்குத் தெரியாதா என்ன? இந்த மண்டைக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் தூங்கி எழுந்து சாப்பிடும்போது, மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"என்னங்க... அன்னிக்கு எடுத்தது ஒண்ணும் வரலங்க. ஃபிலிம் சிக்கவே இல்ல."

ரசத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியும்" என்றார்.

"தெரியுமா!"

"நீ லீவர இழுத்தா, ஃபிலிம் நகர்ந்து அந்தப் பக்கத் திருகும் சுத்தணும். முதல் படத்துலயே பார்த்தேன். சுத்தல."

"பின்ன ஏன் வாயத் திறக்கல?"

நிமிர்ந்து பார்த்தார். "சொன்னா நீ கேமராவக் கீழ வச்சிருப்பியே மா. என்னை யாரு அவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டு இருக்கா?"

ரசத்தை அளவு தெரியாமல் ஊற்றிவிட்டேன்.

நாமெல்லாம் போன் கொள்ளாத அளவுக்குப் படம் எடுத்து வைக்கிறோம். எடுக்கிற நேரத்தில் எதிரில் இருக்கிற ஆளைப் பார்க்கிறோமா? எனக்குப் பார்க்கக் கிடைத்தது. படம்தான் கிடைக்கவில்லை.

ரோல் மறுபடி பிரிட்ஜுக்குப் போய்விட்டது. நுனி மட்டும்தான் வெளியே வந்திருந்ததாம், உள்ளே இருப்பது புதுசுதான் என்று அவரே பார்த்துச் சொன்னார். அடுத்த லீவும் கேட்டிருக்கிறார். "இந்தத் தடவ நான் மாட்டித் தரவா?" என்றார்.

வேண்டாம், நானே மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சரியாக மாட்டுவேனா? அதை மட்டும் கேட்காதீர்கள்!