பளபளன்னு இருந்த தாளு

"இறால் நாத்தம் புடிச்சவ"ன்னு என்னைச் சொன்ன மேனேஜரை நான் இன்னிக்கு வரைக்கும் மன்னிக்கல. மன்னிக்கப் போறதும் இல்ல.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் கும்மிடிப்பூண்டியில, கவர் தயார் பண்ற ஒரு சின்ன கம்பெனியில நான் கெமிஸ்ட். பிளாஸ்டிக்குக்குப் பதிலா மண்ணுல மக்கிப்போற கவர் பண்ணணும்னு மொதலாளிக்கு ஆசை. இறால் ஓட்டுலேர்ந்து பண்ணலாம் சார்னு சொன்னது நான்தான். எங்க ஊரு பழவேற்காடு, ஓட்டுக்கு இன்னா பஞ்சம்? மூட்டை மூட்டையா கொண்டாந்து ஆசிட்ல ஊறவச்சு, காஸ்டிக் சோடாவுல வேகவச்சு, வர்ற தூளை வினிகர்ல கரைச்சுக் கண்ணாடித் தட்டுல ஊத்தி, மெல்லிசுத் தாளாக் காயவப்பேன். சாயங்காலம் பஸ்ஸுல என் பக்கத்து சீட்டு எப்பவும் காலிதான். கவர் சரியா வந்துட்டா வேலையில நிரந்தரம் பண்றேன்னு மொதலாளி சொல்லியிருந்தாரு.

வந்துச்சு. பம்பாயிலேர்ந்து கவர் வாங்கற ஆளுங்க பார்க்க வர்றாங்கன்னதும் மேனேஜர், "நீ லேப்லயே இரும்மா, வர்றவங்க முன்னால நாத்தம் அடிக்கும்"னாரு. எல்லாம் தன்னோட ஐடியான்னு மொதலாளிகிட்ட வேற சொல்லிக்கினு இருந்தாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

அன்னிக்குக் காலையில அவரே வந்து மேசையில தாளு பொறுக்கினாரு. காஞ்ச தாளை இன்னொரு வாட்டி காஸ்டிக் தண்ணியில முக்கினாத்தான் ஈரம் தாங்கும். முக்கினா கொஞ்சம் சுருங்கி மங்கிடும். மனுஷன் மங்கலானதையெல்லாம் தள்ளிவச்சிட்டு, இன்னும் முக்காத பளபளப்பான தாளா அள்ளிக்கினாரு.

"எதை எடுக்கணும்னு சொல்லட்டா சார்?"

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு."

சரின்னு பார்த்தேன்.

கதவுக் கண்ணாடி வழியா பார்த்தேன். தாளை நாலு மூலையும் சேர்த்து பம்பாய்க்காரர் கையில குடுத்து, உள்ள தண்ணி ஊத்தினாரு. கொஞ்ச நேரம் நின்னுச்சு. மேனேஜர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு! அப்புறம் தாளு கொழகொழன்னு ஆகி, மொத்தத் தண்ணியும் பம்பாய்க்காரர் மடியில கொட்டுச்சு. அடடா, எனக்கு வயிறு குளுந்துபோச்சு.

மொதலாளி என்னைக் கூப்ட்டாரு. மங்கலான தாளை எடுத்துக்கினு போய் தண்ணி ஊத்திக் காட்டினேன். ஒரு சொட்டு ஒழுகல. "இனிமே இந்த வேலை முழுக்க இவங்க பொறுப்பு"ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டு, எனக்கு நாற்காலி போடச் சொன்னாரு. எடுத்தாந்து போட்டது மேனேஜர்தான்.

"தெரிஞ்சுக்கினே ஏம்மா சொல்லல?"ன்னு குனிஞ்சு காதுல கேட்டாரு.

"கிட்ட வந்தா நாத்தம் அடிக்கும் சார்"னேன், எல்லாருக்கும் கேக்கற மாதிரி.