ஒரு விரல்தான் நுழைகிறது

இன்று என் வீட்டுக்காரரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பட்டாசுக் கம்பெனிக்குள் பீடி பிடிக்கக் கூடாது என்பதால் பாக்குப் போடப் பழகியவர். இப்போது வாய் திறக்க வரவில்லை. கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது.

டாக்டரம்மாவால் ஒரு விரலைத்தான் நுழைக்க முடிந்தது. மூன்று போகணுமாம்.

"கன்னத்துக்குள்ள தோல் இறுகிருச்சு. புது ஊசி ஒண்ணு ஆராய்ச்சியில இருக்கு. கேக்கும்னு உறுதி சொல்ல முடியாது. சேர்ந்துக்கிறீகளா?"

"எதையாவது போடுங்கம்மா. அவுக சோறு தின்னாப் போதும்" என்று அழுதுவிட்டேன்.

"பாக்கை இன்னையோட விடணும். இல்லாட்டி கேன்சர்ல கொண்டுபோய் விட்டுரும்."

"இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம், விட்டுர்றேன்" என்றார் இவர்.

வெம்பக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்ததுமே சட்டைப்பையில் பாக்குப் பொட்டலத்தைத் தேடினார். பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன். ஊர் வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாக்கை மறக்கடிக்க எங்கேயாவது ஊசி கண்டுபிடிக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதிலும் இவரைச் சேர்த்துவிடுகிறேன்.