மழைக்கு நின்ற பூனை

என் தங்கை புருஷன் வண்டி சீட்டுக்கு ரெக்சின் தைக்கிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அளவுக் கோடு போடும் சாக்பீஸ் எந்நேரமும் காதில் இருப்பதால் கடைத்தெருவில் பெயரே 'சாக்பீஸ்'.

தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன். எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் கட்டும் என்று நர்ஸ் கத்தியும் அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. தையல் பிரிந்துவிடுமாம்.

"தையக்காரர் பொண்டாட்டிக்கே தையல் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

"இது அவரு போட்டதில்லையே அண்ணே."

மாப்பிள்ளை கீழே போனார். ஆஸ்பத்திரி மாடி ஜன்னலுக்கு நேராக, சிமெண்டுத் தரையில், வீட்டுப் பூனையை ஆள் உயரத்துக்கு வரைந்தார். வேண்டுமானால் எழுந்து வந்து பார்க்கட்டும் என்று கணக்கு. அவளுக்கு மனசு வருவதற்குள் தூறல் பூனையைக் கழுவிவிட்டது.

நான் கார் பெயின்டர். "மேல வார்னிஷ் அடிக்கிறேன் மாப்ள, ஜென்மத்துக்கும் போகாது" என்றேன். வாட்ச்மேன் விரலை ஆட்டினார். "சாக்பீஸ்னா கண்டுக்க மாட்டேன். பெயின்ட் கியின்ட்னா ரெண்டு பேரும் வெளியதான்."

அடுத்த பூனையை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினேன். உள்ளே வியர்த்து, ஷீட்டோடு பாதி முகமும் உரிந்து வந்தது. அதைக் குனிந்து பார்த்த மாப்பிள்ளையின் காதிலிருந்து சாக்பீஸ் என் டீ கிளாஸில் விழுந்தது. எடுத்து, சும்மா ஒரு கோடு இழுத்தார். காய்ந்ததும் ஈர விரலால் தேய்த்தார். லேசில் போகவில்லை.

"சர்க்கரை, மச்சான்."

அன்று அவர் பேசியது அவ்வளவுதான். சாக்பீஸையெல்லாம் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி வரைந்தார். ஓடிவரும் தண்ணீர் விலகிப்போக மேட்டுப் பக்கம் மணலால் கரை கட்டினேன். மதியம் மழை வந்தது. நிறம் கொஞ்சம் மங்கியது. பூனை அப்படியே கிடந்தது. வெயிலும் வந்தது.

மாடிக்கு ஓடினேன்.

"இன்னும் இருக்கா?" என்றாள்.

"வந்து பாரு."

என் தோளை நகம் பதியப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, மீசை அசையுது!"

இனிப்புக்குக் கட்டெறும்பு வரிசை கட்டியிருந்தது. மாப்பிள்ளை துண்டை வீசிப் பூனைக்கு மீசை மழித்துக்கொண்டிருந்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று நிறுத்தி, தையல் மேல் போட்டிருந்த கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"தாங்குதுண்ணே."

நகம் பதிந்த தோளைத் தேய்த்துக்கொண்டேன். போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அது பேஷன்ட் கட்டில்!" என்றாள் நர்ஸ்.

"பேஷன்ட் அங்க நிக்குது பாருங்க, சிஸ்டர்."